மகளோடு ரயிலேறிய சைக்கிள்

பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்பும் வீட்டில் கடைசி ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், தலைவலித் தைலம், ஊசி நூல், இரண்டு பூட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். 2023-ல் எங்கள் தேன்மொழிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பட்டியலின் அடியில் நான் இன்னொரு வரி சேர்த்தேன்: "சைக்கிள்."

வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஆட்சேபணை!

"ஏம்மா, படிக்கப் போற பிள்ளைக்கு சைக்கிள் எதுக்கு? புது ஊரு. வயசுப் பொண்ணு சைக்கிள்ல சுத்தினா நாலு பேர் நாலு விதமாப் பேச மாட்டாங்களா?" என்றார் மாமியார். எண்பதைத் தொட்டவர். பேத்தி மேல் உயிர்.

"திருச்சியிலேர்ந்து திருநெல்வேலிக்கு சைக்கிளை யாராவது தூக்கிட்டுப் போவாங்களா? ஆகிற செலவுக்கு அங்கேயே பழசா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் என் கணவர்.

தேன்மொழியோ என்னைத் தனியே சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அம்மா, இது பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள். பார்த்தாலே தெரிஞ்சிடும். அங்கே எல்லாரும் ஸ்கூட்டியில வருவாங்க. வேணாம்மா."

மூவருக்கும் நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் எழுதியதை அடிக்கவும் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அது கொஞ்சம் பழைய கதை.

நான் பிறந்தது புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கிராமம். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாயங்கால வேளைகளில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த இயக்கம் ஊர் ஊராக ஊக்கம் கொடுத்தது. பத்தொன்பது வயதில் நானும் ஒரு தொண்டராகச் சேர்ந்தேன். பக்கத்து ஊருக்குப் போய்ப் பாடம் சொல்ல வேண்டும் என்றால் ஒன்று நடக்க வேண்டும், இல்லையென்றால் அண்ணனையோ அப்பாவையோ கெஞ்ச வேண்டும்.

எங்கள் ஊர்ப் பொட்டலில் வாடகை சைக்கிளில்தான் கற்றுக்கொண்டோம். லேடீஸ் சைக்கிள் கிடைப்பது அரிது. நடுவில் பார் வைத்த ஆம்பிளை சைக்கிளில் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டோம். முழங்காலில் காயம் இல்லாத பெண் எங்கள் கூட்டத்தில் கிடையாது. கிண்டல் செய்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் 1992-க்குள் மாவட்டம் முழுக்க ஆயிரமாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றுவிட்டார்கள். கையில் குழந்தை உள்ளவர்கள், "பார் வச்ச சைக்கிள்தான் நல்லது, பிள்ளையை முன்னால உட்கார வச்சுக்கலாம்" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டது! தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவார்கள். விளைந்த காய்கறியைத் தாங்களே சந்தைக்குக் கொண்டு போவார்கள். பஸ்ஸுக்காகக் காத்து நின்று பாதி நாளைத் தொலைத்தவர்களுக்கு அந்தப் பாதி நாள் திரும்பக் கிடைத்தது.

சேர்த்து வைத்த காசில் நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். ஐந்து வருடம் ஓட்டினேன்.

1997-ல் எனக்குத் திருச்சியில் கல்யாணம் நிச்சயமானது. கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் வேனில் ஏறின. "அப்பா, என் சைக்கிளையும் ஏத்திடலாமா?" என்று கேட்டேன். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சீராக சைக்கிள் கேட்ட காலம் நம் ஊரில் இருந்தது. பெண் தன் சைக்கிளோடு புகுந்த வீட்டுக்குப் போவது மட்டும் சிரிப்பாக இருந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் வழக்கம். என் சைக்கிள் அப்பா வீட்டுத் திண்ணை ஓரத்தில் நின்று துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது.

அதன் பிறகு உறையூரில் கடைத்தெருவுக்குப் போவதென்றாலும், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவதென்றாலும், "என்னங்க, கொஞ்சம் கொண்டு விடறீங்களா?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அவர் முகம் சுளித்ததே இல்லை. ஆனாலும் கேட்பது கேட்பதுதானே? அவருக்கு நேரம் இருக்கிறதா, மனசு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கேட்கும் அந்தச் சங்கடம் எத்தனை பேருக்குத் தெரியும்!

பாளையங்கோட்டையில் தேன்மொழி தங்கப் போவது என் நாத்தனார் வீட்டில், பெருமாள்புரம். அங்கிருந்து கல்லூரி மூன்று கிலோமீட்டர் இருக்கும். "நானே தினம் கொண்டு விட்டுக் கூட்டிட்டு வந்திடறேன், கவலைப்படாதீங்க" என்றார் நாத்தனார் கணவர். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஷிப்ட் வேலை. நாத்தனாருக்கோ மூட்டு வலி. என் பெண்ணும் பத்தொன்பது வயதில் இன்னொருவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து "மாமா, கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பதை நினைத்தேன். என்னால் முடியவில்லை.

அன்று இரவு இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் அந்தப் பழைய சைக்கிளைப் பற்றி அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பார்சல் ஆபீஸ்ல விசாரிச்சுப் பாரு. எப்படின்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் திருச்சி ஜங்ஷனுக்கு நானே போனேன்.

அங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

ரயிலில் சைக்கிள் கொண்டு போக இரண்டு வழி உண்டு. ஒன்று லக்கேஜ், மற்றொன்று பார்சல். நாமும் அதே ரயிலில் டிக்கெட் எடுத்துப் போகிறோம் என்றால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யலாம். சைக்கிள் நம்மோடு அதே வண்டியில் வரும். நாம் போகாமல் சைக்கிளை மட்டும் அனுப்புவது பார்சல். அது நாம் நினைத்த வண்டியிலேயே போகும் என்று சொல்ல முடியாது. இடம் கிடைக்கும் வண்டியில் போகும்.

பெட்டிக்குள் நம் இருக்கை அருகே சைக்கிளை ஏற்ற முடியாது. நூறு சென்டிமீட்டர் நீளம், அறுபது அகலம், இருபத்தைந்து உயரம், இதற்கு மேற்பட்ட பெட்டியோ மூட்டையோ லக்கேஜ் வேனில்தான் போக வேண்டும் என்பது விதி. பயணிகளுக்கு இவ்வளவு கிலோ வரை இலவசம் என்று ஒரு சலுகை இருக்கிறதல்லவா, அது சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் பொருந்தாது. சைக்கிளுக்குத் தனியாகப் பணம் கட்டியே ஆக வேண்டும். பதிவு செய்யாமல் ஏற்றி மாட்டிக்கொண்டால் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். கட்டணம் எடைக்கும் தூரத்துக்கும் தக்கபடி மாறும் என்பதால் நான் கட்டிய தொகையை இங்கே எழுதவில்லை. என் கணவர் பயந்த அளவுக்கு இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

எல்லா ரயிலிலும் லக்கேஜ் வேன் இருக்காது. வந்தே பாரத் போன்ற புது வண்டிகளில் கிடையாது. சில வண்டிகளில் வேன் இருந்தாலும் அதன் இடத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்சல் ஆபீஸில் கேட்டுக்கொள்வது நல்லது. நடுவழி ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும் என்றால் ஏற்றி இறக்குவது சிரமம். வண்டி புறப்படும் ஊரிலேயே ஏற்றினால் நிதானமாக ஏற்றலாம். திருச்சியிலிருந்தே கிளம்பும் திருவனந்தபுரம் இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் எங்களுக்குத் தோதாக அமைந்தது. மதுரை வழியாகத் திருநெல்வேலி போகும். காலையில் ஏறினால் மத்தியானம் இறங்கிவிடலாம்.

"புறப்படறதுக்கு அரை மணி முன்னாலயாவது வரணும்னு விதிம்மா. நீங்க ஒரு மணி நேரம் முன்னாலயே வந்துடுங்க. எடை போட்டு, எழுதி, சீட்டுக் கட்டி, வேனுக்குக் கொண்டு போகணுமில்ல?" என்று அந்த எழுத்தர் பொறுமையாகச் சொன்னார்.

முதல் நாள் சாயங்காலம் சைக்கிளைக் கட்டும் படலம். முன்னால் இருந்த கூடை, மணி, பின் சீட்டில் செருகியிருந்த பம்பு மூன்றையும் கழற்றித் துணிப்பையில் போட்டேன். ஹேண்டில் பார், பிரேக் பிடி, பெடல் இவைதான் மற்ற மூட்டைகளில் இடிபடும். அவற்றைப் பழைய நூல் புடவைக் கிழிசலால் இறுக்கிச் சுற்றி, மேலே கோணிச்சாக்கு வைத்துச் சணலால் கட்டினேன். சங்கிலிக்கு மேலும் ஒரு சாக்குத் துண்டு. எண்ணெய்ப் பசை அடுத்தவர் மூட்டையில் படக்கூடாதல்லவா? தடிமனான அட்டையில் பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர், போன் நம்பர் எழுதி இரண்டு இடத்தில் கட்டினேன். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். எழுதியதன் மேல் செலோ டேப் ஒட்டிவிட்டால் மழைத்துளி பட்டு மை கரையாது. முக்கியமாக, சைக்கிளைப் பூட்டக்கூடாது. பூட்டினால் உருட்ட முடியாமல் இழுத்துக்கொண்டு போவார்கள், கம்பி வளைந்துவிடும். சாவி நம் கைப்பையில் இருந்தால் போதும்.

நான் இப்படிக் கட்டிக்கொண்டிருக்கும்போது தேன்மொழி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, நெஜமாவே உன் சைக்கிளைப் பார்த்துச் சிரிச்சாங்களா?"

அவள் அப்பா சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"சிரிச்சாங்க கண்ணு."

"நீ அழுதியா?"

"வேன்ல ஏறினப்புறம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் கொண்டு வந்து சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். ஸ்கூட்டி பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

ஜங்ஷனில் டிக்கெட்டைக் காட்டினோம். எடை போட்டார்கள். பணம் கட்டியதும் ரசீது கொடுத்து, அதே எண்ணைச் சைக்கிளிலும் குறித்தார்கள். ரசீதைக் கையில் வாங்கியதும் எழுத்து சரியாக இருக்கிறதா, ஊர்ப் பெயர் சரியா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிடுங்கள். செல்போனில் ரசீதையும் சைக்கிளையும் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. பிறகு வண்டியின் கோடியில் இருந்த லக்கேஜ் வேன் வரைக்கும் கூடவே போனோம். கார்டு என்று நாம் சொல்லிப் பழகிய பதவிக்கு 2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர். அவரிடம், "திருநெல்வேலியில இறக்கணும் சார், நாங்க இந்தப் பெட்டியில இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தோம். தலையாட்டினார். சைக்கிள் உள்ளே ஏறிச் சாய்ந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் பெட்டிக்கு வந்தோம்.

கோவில்பட்டி தாண்டும்போதே மூட்டை முடிச்சுகளைக் கதவருகே சேர்த்துவிட்டோம். வண்டி அங்கே சில நிமிடம்தான் நிற்கும். திருநெல்வேலி வந்ததும், "நீ பையைப் பார்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத் தேன்மொழி ரசீதோடு பிளாட்பாரத்தில் கடைசி வரை ஓடினாள். கூட்டத்தில் அவள் தலை தெரியவில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. வண்டி நகர ஆரம்பித்தது. கடைசிப் பெட்டி என்னைக் கடந்து போன பின்னால், கோணிச்சாக்கு கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பெண் வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கேட்டில் ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டோம். இறங்கியவுடன் எடுத்துக்கொள்வதுதான் நல்லது. அதிக நேரம் ஸ்டேஷனில் விட்டு வைத்தால் அதற்கென்று தனிக் கட்டணம் ஏறும்.

வெளியே வந்து சாக்கைப் பிரித்து, கூடையும் மணியும் மாட்டினாள். நான் பைகளோடு ஆட்டோவில், அவள் சைக்கிளில். தாமிரபரணியின் மேல் சுலோச்சன முதலியார் என்பவர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலம் இருக்கிறது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்ப்பது அதுதான். பாலத்தில் ஏறியதும் நெரிசலில் என் ஆட்டோ அப்படியே நின்றுவிட்டது. தேன்மொழி ஓரமாகப் புகுந்து மணி அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாள். "ரோட்டைப் பாருடி!" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் சிரித்தார்.

அந்த வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழை உங்களுக்கு நினைவிருக்கும். தாமிரபரணி பெருக்கெடுத்து, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. ரயில்கள் நின்றுவிட்டன. எங்களுக்குச் சரியாகப் போன் கிடைக்காமல் என் மாமியார் ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிந்த பிறகுதான் நாத்தனார் பேசினாள்.

"அண்ணி, நாங்க நல்லா இருக்கோம். இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து போச்சு. பக்கத்துக் கடையெல்லாம் மூடிக் கிடக்கு. ஆட்டோ ஒண்ணும் வரலை. அவரு வண்டி தண்ணியில நின்னு ஸ்டார்ட் ஆகலை. தேன்மொழிதான் சைக்கிளை எடுத்துட்டு, மேட்டுப் பக்கமாவே போயி, மூணாவது கடையில மாத்திரை வாங்கிட்டு வந்தா. எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பால் பவுடரும் அவதான்."

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும். வீட்டில் எப்போதும் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது. அதையும் நாத்தனாரிடம் சொன்னேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "யாரு, நம்ம பிள்ளையா? சைக்கிள்லயா போனா?" என்றார்.

"ஆமாம் அத்தை."

கொஞ்ச நேரம் தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு பேர்" பற்றி ஏதாவது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"டயர்ல காத்து இருக்கான்னு அப்பப்ப பார்த்துக்கச் சொல்லு. அந்தப் பம்பை மறக்காம எடுத்துட்டுப் போனாளா?" என்றார்.

எடுத்துப் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.